கூரான பிட்தான் நல்ல பிட் என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் சிறிய சி.என்.சி. மெஷினை வைத்து வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செதுக்கிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். செம்பை அரித்தெடுக்கும் ஃபெரிக் குளோரைடு தொட்டியை மாணவர்கள் கைவிட வேண்டும் என்று அது சொன்னதை முழு மனதோடு வரவேற்கிறேன். செம்பு கரைந்த அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்வது வாய்க்காலில்தான். கடலூர் சிப்காட்டை ஒட்டி உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் செம்பைச் செதுக்கும் பிட் வாங்குவது பற்றி அந்தக் கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது: இருப்பதிலேயே கூரான 10 டிகிரி, 0.1 மி.மீ. முனை உள்ள வி பிட் வாங்கிக்கொண்டால் எல்லா வேலைக்கும் அதுவே போதுமாம். இந்த அறிவுரை தவறு. லாஸ்பேட்டையிலும் பிள்ளைச்சாவடியிலும் படிக்கிற பிள்ளைகள் இதை நம்பி ஒரு பாக்கெட் வாங்கினால், பாதி பிட் முதல் போர்டு முடிவதற்குள் முனை உடைந்துவிடும். உடையாமல் தப்புகிற பிட் போடும் பள்ளமோ நம் கடற்கரைக் காற்றுக்கு ஆகாத அளவுக்குக் குறுகலாக இருக்கும். மெஷினில் குறை, சாஃப்ட்வேரில் குறை என்று அலைந்துவிட்டு அவர்கள் மறுபடியும் ஃபெரிக் குளோரைடுக்கே போய்விடுவார்கள் என்பதுதான் என் கவலை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

போர்டின் மேலுள்ள செம்புத் தகட்டின் கனம் பொதுவாக 35 மைக்ரான், அதாவது 0.035 மி.மீ. கடைக்காரர்கள் ஒரு அவுன்ஸ் என்பார்கள். அரை அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 18 மைக்ரான், இரண்டு அவுன்ஸ் என்றால் 70. டிராக்கை, அதாவது மின்சாரம் ஓட வேண்டிய செம்புக் கோட்டை, சுற்றி இந்த மெல்லிய தகட்டை மட்டும் கீறி எடுத்தால் வேலை முடிந்தது. அப்படியானால் 0.04 மி.மீ. ஆழம் போதுமே என்று தோன்றும். போதாது. போர்டு எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. அதனால்தான் 0.06 முதல் 0.1 மி.மீ. வரை ஆழம் வைக்கிறோம். பிட் தேர்வில் வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஆழம் இடத்துக்கு இடம் மாறுவதால் வருபவை.

வி பிட் கூம்பு வடிவம். ஏர் ஆழ இறங்கினால் சால் அகலமாவது போல, இதுவும் ஆழ இறங்க இறங்கப் பள்ளத்தை அகலமாக்கும். எவ்வளவு அகலமாகும் என்பதைக் கோணம் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. ஆழத்தை ஓர் எண்ணால் பெருக்கி முனையின் அகலத்தோடு கூட்டினால் பள்ளத்தின் அகலம் வந்துவிடும். அந்த எண் 10 டிகிரிக்கு 0.17, 20 டிகிரிக்கு 0.35, 30 டிகிரிக்கு 0.54, 45 டிகிரிக்கு 0.83, 60 டிகிரிக்கு 1.15, 90 டிகிரிக்கு சரியாக 2. முனை 0.1 மி.மீ., ஆழம் 0.08 மி.மீ. என்றால் 30 டிகிரி பிட் 0.14 மி.மீ. பள்ளம் போடும், 60 டிகிரி பிட் 0.19 போடும், 90 டிகிரி 0.26.

இதே போர்டு ஒரு மூலையில் 0.2 மி.மீ. தூக்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிய போர்டில் இது சாதாரணம். அந்த மூலையில் பிட் 0.08-க்குப் பதில் 0.28 இறங்கும். 30 டிகிரி பிட்டின் பள்ளம் 0.25 ஆகும், 60 டிகிரிக்கு 0.42, 90 டிகிரிக்கு 0.66. டிராக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் ஓடுவதால், கூடிய அகலம் முழுவதும் டிராக்கிலிருந்துதான் போகிறது. வடிவமைப்பில் 0.3 மி.மீ. என்று வைத்த டிராக், 30 டிகிரியில் 0.19 ஆக மெலியும், ஆனாலும் பிழைத்துக்கொள்ளும். 60 டிகிரியில் 0.07 மி.மீ. மட்டும் மயிரிழையாக நிற்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் உரிந்து வந்துவிடும். 90 டிகிரியில் டிராக்கே இருக்காது. போர்டின் ஒரு பக்கம் அருமையாக வந்து மறுபக்கம் டிராக்குகள் காணாமல் போனால் காரணம் இதுதான். பிட் மோசம் என்று தூக்கிப் போட வேண்டாம்.

அப்படியானால் 10 டிகிரிதானே நல்லது, ஆழம் மாறினாலும் அகலம் அவ்வளவாக மாறாதே என்று கேட்கலாம். அகலக் கணக்கில் அது உண்மை. பலத்தில்தான் அது தோற்கிறது. இந்த பிட்கள் சாலிட் கார்பைடு. தேய்மானத்துக்கு நன்றாக நிற்கும், ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தினாலும் வளையாது, ஒடியும். 0.1 மி.மீ. முனைக்குப் பின்னால் 10 டிகிரி கூம்பில் தாங்கிப் பிடிக்கச் சதையே இல்லை. நுனியிலிருந்து 1 மி.மீ. மேலே போனாலும் பிட்டின் குறுக்களவு 0.27 மி.மீ.தான். 30 டிகிரியில் அதே இடத்தில் 0.64 மி.மீ. இருக்கும். வீட்டு மெஷின்களில் பிட்டை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு கொஞ்சம் வேகமாக இறங்கினாலே 10 டிகிரி முனை போய்விடும். போனது கண்ணுக்கும் தெரியாது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒடிந்த மழுங்கல் முனை செம்பை வெட்டாமல் உழக்கிக்கொண்டு போகும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது 30 டிகிரி. அதிலும் 0.1 முனையைவிட 0.2 முனையையே பரிந்துரைப்பேன். 0.08 ஆழத்தில் அது 0.24 மி.மீ. பள்ளம் போடும். கால் இடைவெளி 2.54 மி.மீ. உள்ள, துளையில் கால் ஏறும் டிப் ஐ.சி.க்கும், 1.27 உள்ள, போர்டின் மேலேயே சால்டர் செய்யும் எஸ்.ஓ.ஐ.சி.க்கும் இது தாராளம். நாலு பக்கமும் கால் உள்ள டி.கியூ.எஃப்.பி. வகையில் கால் இடைவெளி 0.8 மி.மீ. என்றால் பேட் (காலைச் சால்டர் செய்யும் செம்பு இடம்) அகலம் 0.5 போக நடுவில் 0.3 மி.மீ.தான் மிஞ்சும். அதில் 0.24 பள்ளம் புகுந்து வெளியே வரும், ஆனால் தவறுக்கு இடம் இருக்காது. இந்த ஐ.சி. வரும்போது மட்டும் 0.1 முனையை எடுங்கள். 0.5 மி.மீ. இடைவெளி ஐ.சி.யை வீட்டு மெஷினில் தொடாமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போது ஒரு சங்கடம் உண்டு. சில விற்பனையாளர்கள் கூம்பின் முழுக் கோணத்தை எழுதுகிறார்கள், சிலர் ஒரு பக்கக் கோணத்தை எழுதுகிறார்கள். 30 என்று எழுதியிருப்பது சிலரிடம் உண்மையில் 60 டிகிரி பிட். இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண ஸ்கேல் போதும். தண்டு 3.175 மி.மீ. கனம் என்பதால், கூம்பு தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை நீளத்தை அளந்தால் கோணம் தெரிந்துவிடும். முழுக் கோணம் 30 டிகிரி என்றால் கூம்பின் நீளம் ஏறத்தாழ 5.7 மி.மீ.; 20 டிகிரி என்றால் 8.7, 45 என்றால் 3.7, 60 என்றால் 2.7 மி.மீ. தட்டையான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைத்து அளக்க வேண்டும். பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைவிட ஸ்கேல் சொல்வதை நம்புங்கள்.

முனையின் அகலத்தை ஸ்கேலால் அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வேண்டாத துண்டு போர்டில் 20 மி.மீ. நீளக் கோடுகளை இரண்டிரண்டாகப் போடுங்கள். முதல் ஜோடியின் நடுக்கோடுகளுக்கு இடையே 0.10 மி.மீ., அடுத்ததில் 0.15, பிறகு 0.20, 0.25, 0.30, 0.35 என்று வையுங்கள். ஆழம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதல் சில ஜோடிகளில் நடுவே செம்பு இருக்காது. இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளமாகிவிடும். எந்த ஜோடியில் முதன்முதலாக மெல்லிய செம்பு இழை நிற்கிறதோ, உங்கள் பள்ளத்தின் அகலம் அந்த இடைவெளிக்குச் சற்றுக் குறைவு. நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி லென்ஸ் ஒன்று இருந்தால் இழை தெளிவாகத் தெரியும். இந்த அளவைத்தான் பிட் ஓட வேண்டிய பாதையைப் போட்டுத் தரும் ஃபிளாட்கேம் சாஃப்ட்வேரில் டூல் அகலமாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள 0.1 அல்லது 0.2-ஐ அப்படியே கொடுப்பதுதான் பலர் செய்கிற தவறு. பள்ளம் நீங்கள் கொடுத்ததைவிட அகலமாக விழுவதால் எல்லா டிராக்கும் பேடும் அந்த அளவு சுருங்கும். துளை போட்ட பிறகு பேடில் வளையமே மிஞ்சாது.

இந்தச் சோதனையில் கிடைக்கும் அகலம் கணக்கில் வந்ததைவிட 0.05-க்கு மேல் கூடுதலாக இருந்தால், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறது அல்லது முனை முன்பே ஒடிந்திருக்கிறது. முனை முழுதாக இருந்தால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டைப் பாருங்கள். 3018 வகை வீட்டு மெஷின்களில் வரும் ஈ.ஆர்.11 கோலெட்டை முதலில் நட்டுக்குள் கொடுத்து, கிளிக் என்று உட்கார வைத்த பிறகே ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். கோலெட்டைத் தனியாக ஸ்பிண்டிலில் போட்டு மேலே நட்டைத் திருகினால் பிட் கோணலாக நிற்கும். கோலெட்டின் பிளவுகளில் ஒட்டிய தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு முறையும் தட்டி எடுங்கள். அங்கே மாட்டிக்கொள்ளும் ஒரே ஒரு செம்புச் சீவல் போதும், 0.1 மி.மீ. முனையில் 0.05 மி.மீ. ஆட்டம் வந்தால் முனை அகலத்தில் பாதி அளவு பிழை பள்ளத்தில் கூடிவிடும்.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. மலிவாகக் கிடைப்பது அரைவட்டத் தண்டில் ஒரே வெட்டுமுனை உள்ள பிட். அது சுத்தமாக வெட்டும். முதல் பிட்டாக அதுவே போதும். மூன்று முகங்கள் கூடி நுனியில் சேரும் பிரமிடு வகை உறுதியானது, சீக்கிரம் உடையாது. ஆனால் அது செம்பை வெட்டுவதைவிடச் சுரண்டுகிறது, ஓரத்தில் பிசிறு எழுப்பும். கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த கண்ணாடி எபாக்ஸி போர்டில் எந்த பிட்டையும் உடைத்துக்கொண்டே இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். முடிந்ததும் பிசிறை 600 நம்பர் எமரி தாளால் தேய்த்துவிட்டால் சரி.

கூம்பே இல்லாத வழியும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஃபேப் லேப் என்ற பயிற்சிப் பட்டறைகளில் பாடமாகச் சொல்லித் தருவது கூம்பாக இல்லாமல் ஒரே கனத்தில் இருக்கும் நேர் எண்ட் மில்தான்: டிராக்குக்கு ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ.; போர்டின் வெளி ஓரத்தை வெட்டி எடுக்கும் வெளிவெட்டுக்கு 32-ல் ஒரு பங்கு, 0.8 மி.மீ. இதில் பள்ளத்தின் அகலம் ஆழத்தைப் பொறுத்து மாறாது. போர்டு வளைந்திருந்தாலும் டிராக் ஒரே அளவில் நிற்கும். நல்ல ஸ்பிண்டில் இருந்தால் நான் வி பிட்டைவிட இதையே விரும்புவேன். ஆனால் 775 மோட்டார் வைத்த வீட்டு மெஷினில் ஏறத்தாழ 10,000 ஆர்.பி.எம்.தான் கிடைக்கும். இரண்டு வெட்டுமுனை உள்ள 0.4 எண்ட் மில்லுக்கு ஒரு பல்லுக்கு 0.006 மி.மீ. என்று வைத்தால் ஃபீடு, அதாவது பிட் நகரும் வேகம், நிமிடத்துக்கு 120 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் கையில் இது உடையும். வி பிட்டுக்கு 100 முதல் 200 வரை போகலாம். இறங்கும் வேகம் எந்த பிட்டுக்கும் நிமிடத்துக்கு 30 முதல் 50 மி.மீ. போதும். நுனி ஒடிவது பெரும்பாலும் பள்ளம் போடும்போது அல்ல, இறங்கும்போதுதான்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர் வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வீட்டில் செதுக்கிய போர்டின் மேல் தொழிற்சாலைப் போர்டில் இருக்கிற பச்சைப் பூச்சு கிடையாது. செம்பு திறந்து கிடக்கிறது. பள்ளத்தின் அடியில் சொரசொரப்பான இழைகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் காற்றில் எப்போதும் உப்பு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. 0.12 மி.மீ. பள்ளத்தில் உப்பும் சால்டரிங் ஃபிளக்ஸ் மிச்சமும் சேர்ந்தால் அங்கே மின்கசிவு ஏற்படும். எல்.ஈ.டி. எரிய வைக்கிற சர்க்யூட்டில் அது தெரியாது. மண் ஈரம் அளக்கும் சென்சார், மைக் பிரீஆம்ப், மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்த டைமர் போன்றவற்றில் அளவுகள் தாறுமாறாக ஆடும். வெயில் நாளில் சரியாக வேலை செய்யும், மழை நாளில் சொதப்பும். கோளாறைத் தேடிப் புரோகிராமை எத்தனை முறை திருத்தினாலும் அகப்படாது.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு குறுகலாகப் போட முடியும் என்பதல்ல; என் சர்க்யூட் எவ்வளவு அகலப் பள்ளத்துக்கு இடம் தருகிறது என்பதுதான். டிப் ஐ.சி. மட்டும் உள்ள போர்டு என்றால் 0.2 முனை 30 டிகிரி பிட்டை மூன்று சுற்று ஓடவிட்டு 0.5 முதல் 0.6 மி.மீ. வரை பள்ளம் எடுங்கள். சாஃப்ட்வேரில் சுற்று எண்ணிக்கை 3, ஒன்றோடொன்று மேலேறுவது 25 சதவீதம் என்று கொடுத்தால் இந்த அகலம் வந்துவிடும். அதைவிட அகலம் வேண்டிய இடத்தில் வி பிட்டை வைத்துத் தேய்க்காமல் 0.8 அல்லது 1 மி.மீ. எண்ட் மில்லுக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) ஊற்றி டூத் பிரஷ்ஷால் பள்ளங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, சால்டரிங் முடிந்த பின் பி.சி.பி. வார்னிஷ் ஒரு கோட் அடிக்க வேண்டும். கடற்கரை ஊரில் இதைத் தவிர்க்க முடியாது.

பம்ப் மோட்டார் ரிலே, மீன் தொட்டி டைமர் என்று 230 வோல்ட் வருகிற போர்டு செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெயின்ஸ் பகுதிக்கும் குறைந்த வோல்ட் பகுதிக்கும் நடுவே 6 மி.மீ.க்குக் குறையாமல் செம்பே இருக்கக் கூடாது. வி பிட் போட்ட ஒற்றைப் பள்ளத்தை அங்கே காப்பு என்று நம்புவது உயிரோடு விளையாடுவது. நடுவில் தீவாகச் செம்பு மிச்சம் நின்றால் அந்த இடைவெளி கணக்கிலேயே வராது, 1 மி.மீ. எண்ட் மில்லால் முழுவதும் எடுத்துவிடுங்கள். ரிலேயின் கீழே போர்டையே நீளவாக்கில் வெட்டி இடைவெளி விடுவது இன்னும் நல்லது.

உப்புக்காற்று பிட்டையும் உடைக்கும். போர்டின் மேடு பள்ளத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு கிளிப்பை பிட்டிலும் மற்றொன்றைச் செம்பிலும் மாட்டி, முனை செம்பைத் தொடும்போது மின்தொடர்பு கிடைப்பதை வைத்து மெஷினே அளந்துகொள்கிறது. மெஷினை ஓட்டும் கேண்டில், பி.சி.என்.சி. சாஃப்ட்வேர்கள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. இங்கே சில வாரம் வெளியில் கிடந்த காப்பர் கிளாட் தகட்டில் பழுப்பேறிவிடும். அந்தப் படலத்தில் முனை தொட்டாலும் தொடர்பு கிடைக்காது. மெஷின் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் கீழே அழுத்திக்கொண்டே போகும். முனை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அளக்கும் முன் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, துடைத்து, இரண்டு கிளிப்பையும் கையால் ஒன்றோடொன்று தொட வைத்துத் தொடர்பு கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தகட்டைப் பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் வைத்தால் பழுப்பு குறையும். அளக்கும் புள்ளிகள் 10 மி.மீ.க்கு ஒன்று என்றால் 100-க்கு 80 மி.மீ. போர்டில் 99 புள்ளிகள். நேரம் எடுத்தாலும் செய்யுங்கள். இதைச் செய்துவிட்டால் முன்னே சொன்ன மூலைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தொழில்முறை மெஷின்களில் போர்டின் மேலேயே ஊர்ந்து ஆழத்தைக் கட்டுப்படுத்தும் காலணி மாதிரியான அமைப்பு இருக்கும். வீட்டு மெஷினில் அது இல்லாத குறையை இந்த அளவெடுப்புத்தான் தீர்க்கிறது.

போர்டை ஒட்டும் அடிப்பலகை எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) என்றால் மழைக்காலத்தில் ஊதும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை தட்டை பிட்டால் அதன் மேற்பரப்பைச் சீவி மட்டப்படுத்திக்கொள்ளுங்கள்.

துளை பிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் வாட் ரெசிஸ்டர், டிப் ஐ.சி. இவற்றுக்கு 0.8 மி.மீ. 1என்4007 டயோடுக்கும் பின் ஹெடருக்கும் 1 மி.மீ. பின் ஹெடரின் கால் 0.64 மி.மீ. சதுரம் என்றாலும் மூலைக்கு மூலை 0.9 வரும் என்பதால் 0.8 துளையில் ஏறாது. ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.3. ஒரே பிட்டாக முடிக்க நினைப்பவர்கள் 0.8 எண்ட் மில்லை வட்டமாகச் சுற்றவிட்டுப் பெரிய துளைகளை எடுத்துக்கொள்ளலாம். பிட் மாற்றும் தொல்லை குறையும். வளையம் போட்ட கார்பைடு துளை பிட்டைக் கை டிரில்லில் மாட்டவே கூடாது, கை கொஞ்சம் அசைந்தாலும் இரண்டு துண்டு. கையால் போடுவதென்றால் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட். ஆனால் அது கண்ணாடி எபாக்ஸியில் சீக்கிரம் மழுங்கும். பிட்டை மாற்றினால் இசட் அச்சின் பூஜ்யத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். எக்ஸ், ஒய் இரண்டையும் தொடாதீர்கள்.

வெளிவெட்டுக்கு 1 மி.மீ. கார்ன் பிட். சுற்றிலும் சோளக்கதிர் மாதிரி முத்து முத்தாகப் பல் இருக்கும். நுனி மீன் வால் போலப் பிளந்திருப்பதைக் கேட்டு வாங்கினால் நேராகவும் இறங்கும். 1.6 மி.மீ. போர்டை 0.3 மி.மீ. வீதம் ஆறு சுற்றில் 1.8 ஆழத்துக்கு வெட்டுங்கள். நாலு பக்கமும் சிறிய இணைப்பு விட்டுவிட்டுக் கடைசியில் கையால் ஒடித்து எடுங்கள். இணைப்பு விடாமல் வெட்டினால் கடைசிச் சுற்றில் போர்டு கழன்று சுழன்று பிட்டை ஒடிக்கும்.

எந்த பிட் மழுங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? ஓரத்தில் விரல் வைத்தால் செம்புப் பிசிறு குத்தும். தூள் மாவு மாதிரி இல்லாமல் சுருளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காகிதமும் பிசினும் சேர்ந்த பேப்பர் ஃபீனாலிக் போர்டில் கருகல் வாடை வரும். வெள்ளை நார் எழும்பித் தெரிந்தால் அது மழுங்கல் இல்லை, ஆழம் அதிகம் என்று அர்த்தம். போர்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் எடுபடாத செம்பு இழைகள் கறுப்பாகத் தெரிந்துவிடும். அந்த இடங்களை மல்ட்டிமீட்டரால் தொட்டுப் பார்த்த பிறகே பாகங்களைப் பொருத்துங்கள்.

கடைசியாக, அந்தக் கட்டுரை ஓரிடத்திலும் சொல்லாத ஒன்று. கண்ணாடி எபாக்ஸி போர்டைச் செதுக்கும்போது பறப்பது நுண்ணிய கண்ணாடித் தூள். அது நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் அரிப்பும் தரும். கற்றுக்கொள்கிற மாணவர்கள் பேப்பர் ஃபீனாலிக்கில் தொடங்கட்டும்: அதில் கண்ணாடி இல்லை, பிட்டும் பல மடங்கு உழைக்கும். ஃபேப் லேப்களிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அந்தத் தூளும் மூச்சில் போகக் கூடாதுதான். எந்த போர்டானாலும் என்-95 மாஸ்க் போட வேண்டும், தூளை வாயால் ஊதக் கூடாது, ஃபேனைப் போட்டுப் பறக்கவிடக் கூடாது. உயரம் அளந்து முடித்த பின் போர்டின் மேல் தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் தூள் பறக்காமல் படியும். சாப்பாட்டு மேஜையிலும் குழந்தைகள் தூங்குகிற அறையிலும் இந்த மெஷினை வைக்க வேண்டாம்.

மாணவர் பக்கத்தின் அடுத்த இதழிலேயே 10 டிகிரி பிட் பற்றிய அந்த வரியைத் திருத்தி, மாஸ்க் பற்றிய குறிப்பையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் பார்த்து பிட் வாங்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் உடனே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.